ஒரு பிராங்குக்கு ஒரு கம்பெனி

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் முடிந்து, காப்பியும் கேசரியும் கைமாறிக்கொண்டிருந்த நேரம். உறுப்பினர் ஒருவருடைய மகன், எம்.பி.ஏ. படித்து இங்கே மும்பையிலேயே நல்ல உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளை, ஒரு கருத்தைச் சொன்னான். "அங்கிள், நாட்டை ஒரு கம்பெனி மாதிரி நடத்தணும். அதுக்கு அரசியல்வாதி லாயக்கில்லை. லாபம் நஷ்டம் தெரிஞ்ச தொழிலதிபர் கையில குடுத்துப் பாருங்க, அஞ்சு வருஷத்துல நாடு எங்கேயோ போயிடும்." சுற்றி நின்ற பெரியவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு தேசிய வங்கியில், அதுவும் பெரும்பகுதி கடன் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றிராவிட்டால் நானும் ஆட்டியிருப்பேன்.

"எங்கேயோன்னா எங்கே தம்பி?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மாட்டுங்காவில் ரயில் ஏறி முலுண்டு வருவதற்குள், அவன் சொன்னது சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் அல்ல என்று பட்டது. அன்று அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இது நம் ஊர்க் கதை அல்ல, பிரான்ஸ் நாட்டுக் கதை. கடனில் மூழ்கிய கம்பெனிகளை வாங்கி விற்றுப் பணக்காரராகி, அமைச்சராகி, சிறைக்கும் போய்வந்து, 2021 அக்டோபர் 3ஆம் தேதி காலமான பெர்னார் தாப்பி என்பவருடைய கதை. அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2023இல் நெட்ஃபிளிக்ஸில் ஒரு தொடர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு என் மருமகள், "பாவம் மாமா அந்த மனுஷன்" என்றாள். பாவமா இல்லையா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

தாப்பி 1943இல் பாரிஸில் பிறந்து, நகரத்தை ஒட்டிய லெ பூர்ழே என்னும் புறநகரில் வளர்ந்தவர். அப்பா தொழிலாளி. அம்மா மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர். (பக்கத்து ஊரான லா கூர்நெவில் இன்று ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கின்றன. ஆகவே நம்மவர் கால் படாத மண் அல்ல.) பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். 1966இல் 'தாப்பி' என்ற பெயரின் எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு பாடகராக இசைத்தட்டு வெளியிட்டார், எடுபடவில்லை. பந்தயக் கார் ஓட்டினார். டெலிவிஷன் விற்றார். மத்திய ஆப்பிரிக்காவில் பதவி இழந்த பொக்காஸாவிடமிருந்து அவருடைய பிரெஞ்சு மாளிகைகளை மலிவாகத் தட்டிக்கொண்டுவந்தார், நீதிமன்றம் அந்த விற்பனையை ரத்து செய்தது. இப்படி நாலு வாசல் தட்டிய பிறகுதான் ஐந்தாவது வாசல் திறந்தது: நொடித்துப்போன கம்பெனிகள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்திரிகைகள் எல்லாம் 'ஒரு பிராங்கு கொடுத்துக் கம்பெனி வாங்கிய மாயக்காரர்' என்று எழுதின. கணக்குத் தெரிந்தவனுக்கு இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு கம்பெனிக்குச் சொத்து பத்துக் கோடி, கடன் பதினைந்து கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உண்மையான விலை பூஜ்யத்துக்கும் கீழே. ஒரு பிராங்கு என்பதே சம்பிரதாயத்துக்காக வைப்பது, நாம் மொய்க் கவரில் நூறோடு ஒரு ரூபாய் சேர்ப்பது போல. பிரான்சில் இப்படிப்பட்ட கம்பெனிகள் வணிக நீதிமன்றத்துக்கு வரும். எடுத்து நடத்த ஒருவர் முன்வந்தால், கடன் கொடுத்தவர்களிடம் 'முழுவதும் போவதைவிடக் கொஞ்சமாவது வரட்டும்' என்று பேசி, பாக்கியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்ய வைப்பார்கள். தாப்பியின் கெட்டிக்காரத்தனம் இந்தப் பேச்சில் இருந்தது. தள்ளுபடி வாங்குவார், ஆட்களைக் குறைப்பார், தேவையற்ற நிலத்தையும் கட்டடத்தையும் விற்பார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் மெருகேற்றி, நல்ல விலை வந்ததும் கைமாற்றிவிடுவார். ஆக, வாங்கிய விலை ஒரு பிராங்கு. மீதி விலையைக் கட்டியவர்கள் வங்கிக்காரர்களும், பாக்கி வராத சில்லறைச் சப்ளையர்களும், வேலை இழந்தவர்களும். அவர்கள் படம் பத்திரிகை அட்டையில் வராது.

எடைபோடும் இயந்திரங்கள் செய்த தெராய்யோன், இயற்கை உணவுக் கடைகளான லா வீ கிளேர், பனிச்சறுக்குக் கருவிகள் செய்த லுக், பேட்டரி செய்த வொண்டர் எல்லாம் இப்படி அவர் கைக்கு வந்தவை. எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. லுக் கம்பெனியில் நடந்தது அசல் தொழில். அதுவரை சைக்கிள் பந்தயக்காரர்கள் காலைத் தோல்வாரால் மிதிகட்டையோடு கட்டிக்கொள்வார்கள். விழுந்தால் காலை எடுக்க முடியாது. பனிச்சறுக்கில் காலணியைப் பலகையோடு பூட்டவும் விழும்போது தானே கழன்றுகொள்ளவும் ஒரு பூட்டு உண்டு. அதையே சைக்கிள் மிதிகட்டைக்குக் கொண்டுவந்தது லுக். தாப்பி தன் லா வீ கிளேர் பெயரில் ஒரு சைக்கிள் அணியையும் கட்டினார். அந்த அணியின் பெர்னார் இனோ புதிய மிதிகட்டையோடு ஓட்டி 1985இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். மறு ஆண்டு அதே அணியின் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் வென்றார். இன்றைக்குப் பந்தய சைக்கிள் ஓட்டுகிறவர் எல்லோர் காலிலும் அந்த யோசனையின் வாரிசுதான் இருக்கிறது.

வொண்டர் பேட்டரி கதை வேறு. பாரிஸை ஒட்டிய செந்த்-உவான் ஊரில் அதன் ஆலை. 1968 கலவரம் அடங்கி, வேலை நிறுத்தம் முடிந்து எல்லோரும் உள்ளே போகும்போது, 'நான் அந்த நரகத்துக்குத் திரும்பிப் போக மாட்டேன்' என்று ஒரு இளம்பெண் தொழிலாளி வாசலில் நின்று அழுது கதறியதை மாணவர்கள் சிலர் படம் பிடித்தார்கள். பத்தே நிமிடப் படம், பிரான்சில் பெயர் பெற்றது. உள்ளே போக மாட்டேன் என்று ஒருத்தி அழுத அதே ஆலையைத் தாப்பி 1984இல் வாங்கினார். சில ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. வெளியே போக மாட்டோம் என்று அழுதவர்களை யாரும் படம் பிடித்ததாகத் தெரியவில்லை. வொண்டர் என்ற பெயரை 1988இல் அமெரிக்க ரால்ஸ்டன் கம்பெனிக்கு அவர் விற்றுவிட்டார், கொழுத்த லாபத்துக்கு.

ஆனால் நாடு அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1986இல் தொலைக்காட்சியில் 'லட்சியங்கள்' என்ற பொருளில் ஒரு நிகழ்ச்சி. தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களை மேடையேற்றி, தாப்பியே நடத்தினார். பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படும் நாட்டில், 'பணம் சம்பாதிப்பது தப்பில்லை' என்று ஒரு தொழிலாளி மகன் சிரித்துக்கொண்டு சொன்னான். நாலு பாய்மரக் கப்பல் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து அட்லாண்டிக் கடலைச் சாதனை வேகத்தில் கடந்தார். மார்செய் நகரத்து கால்பந்து அணியை 1986இல் ஏற்றுக்கொண்டு, 1989 முதல் தொடர்ந்து நான்கு முறை பிரெஞ்சு சாம்பியன் ஆக்கினார். அப்போது ஜனாதிபதி பிரான்சுவா மித்தரான், சோஷலிஸ்ட். தொழிலதிபர்களைக் கண்டால் முகம் சுளிக்கும் கட்சிக்கு, பாமர மக்கள் கொண்டாடும் ஒரு தொழிலதிபர் கிடைத்தால் விடுவார்களா? 1988இல் மார்செய் தொகுதியில் நிறுத்தினார்கள். மிகச் சில வாக்குகளில் தோற்றார். அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆகி, 1989 ஜனவரியில் நடந்த மறுதேர்தலில் வென்றார்.

இனி எழுதப்போவதுதான் என்னை இந்த மனிதரை ஒரேயடியாக வெறுக்க விடாமல் தடுப்பது. அந்தக் காலத்தில் ழான் மாரி லெ பென் என்ற தலைவர், நாட்டின் எல்லாக் கஷ்டத்துக்கும் வந்தேறிகள்தான் காரணம் என்று பேசி, தேர்தலுக்குத் தேர்தல் வளர்ந்துவந்தார். அவரோடு ஒரே மேடையில் உட்கார்ந்தால் அவருக்குத்தான் விளம்பரம் என்று பெரிய தலைவர்கள் ஒதுங்கினார்கள். 1989 டிசம்பரில் தொலைக்காட்சியில் எதிரே போய் உட்கார்ந்தவர் தாப்பி. மேட்டுக்குடிப் பாணியில் பேசாமல், புறநகர்த் தெருப்பையன் பாணியில் குறுக்கே மடக்கி மடக்கிக் கேட்டார். 1994இல் மீண்டும் இருவரும் மோதியபோது, நிகழ்ச்சி நடத்துநர் இரண்டு ஜோடி குத்துச்சண்டைக் கையுறைகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார் என்றால் அந்தச் சண்டையின் சூடு எப்படி இருந்திருக்கும்!

நம்மில் வயதானவர்களுக்கு 1960களின் கடைசியில் இந்த நகரம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். வெளியூர்க்காரன் வெளியேற வேண்டும் என்ற குரல் தெருவில் கேட்ட நாட்கள். எனக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. தாதரில் ஒரு கடையில் கணக்கு எழுதிய என் அப்பா, ரயிலில் நான் வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளுவார், தமிழ் வெளியே வந்துவிடக் கூடாது என்று. அந்த நாளில் இந்த நகரத்தின் செல்வாக்குள்ள ஒரு மனிதர், எங்களுக்காக வேண்டாம், சும்மா நியாயத்துக்காக, மேடையேறி ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் அப்பா அவர் படத்தை பூஜை அறையில் மாட்டியிருப்பார். அவருடைய பாலன்ஸ் ஷீட்டைக் கேட்டிருக்க மாட்டார். ஆகவே மார்செய் ஏழை மக்களும், அல்ஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் தாப்பியைத் தங்கள் ஆளாக நினைத்தார்கள் என்றால் அதை மடமை என்று என்னால் சொல்ல முடியாது.

1992 ஏப்ரலில் பியேர் பெரெகோவுவா பிரதமரானார். தாப்பிக்கு நகர விவகார அமைச்சர் பதவி. நகரம் என்று பெயரே தவிர, உண்மையில் அது புறநகரங்களின் இலாகா. வேலையில்லாத இளைஞர்களும், இடிந்துபோன அடுக்குமாடி வீடுகளும், போலீஸோடு கைகலப்புமாக இருந்த பகுதிகளுக்காக 1990 கடைசியில் உண்டாக்கிய துறை. ஆள் பொருத்தம் என்றே தோன்றியது. ஆனால் ஐம்பத்தொரு நாளில் விலக நேர்ந்தது. பழைய கூட்டாளி ஒருவர், பங்குப் பணத்தைத் தனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டதாக வழக்குப் போட்டிருந்தார். அது சமரசமாகி, ஆண்டுக் கடைசியில் மீண்டும் மந்திரி. மறு ஆண்டு மார்ச் தேர்தலில் ஆளுங்கட்சியே படுதோல்வி அடைந்ததும் பதவி போயிற்று. மொத்தத்தில் ஐந்து மாதம் கூட இல்லை. நிர்வாகம் செய்தார் என்று சொல்ல அவகாசமே இல்லை.

அவரை மந்திரியாக்கிய பெரெகோவுவாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரும் ஏழை வீட்டுப் பிள்ளை. அப்பா உக்ரைனிலிருந்து வந்து குடியேறியவர். மகன் பதினாறு வயதில் ஆலை வேலைக்குப் போனார். கல்லூரிப் பட்டம் இல்லாமல் நிதியமைச்சர், பிரதமர் என்று உயர்ந்தார். 1986இல் வீடு வாங்க ஒரு பணக்கார நண்பரிடம் பத்து லட்சம் பிராங்கு வட்டியில்லாக் கடன் வாங்கியிருந்தார், பத்திரம் எழுதி. அந்தச் செய்தி 1993 தேர்தலுக்கு முன் பத்திரிகையில் வந்தது. தேர்தலில் கட்சி தோற்றது. அந்த ஆண்டு மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, அந்தப் பழைய தொழிலாளி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பத்து லட்சம் பிராங்கு அவமானத்தைத் தாங்க முடியாத பிரதமரும், நூற்று அறுபது கோடி பிராங்கு கடனோடு சிரித்த முகமாக உலவிய மந்திரியும் ஒரே மந்திரி சபையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நூற்று அறுபது கோடிக்கு வருவோம். 1990 ஜூலையில் தாப்பி ஜெர்மனியின் அடிடாஸ் கம்பெனியின் 80 சதவீதப் பங்கை வாங்கினார். அன்று அது தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிதான் என்றாலும் பெயர் உலகப் பெயர். விலை 160 கோடி பிராங்கு, முழுவதும் கடன். கடன் கொடுத்த கூட்டணிக்குத் தலைமை தாங்கியது கிரெடி லியோனே என்ற வங்கியின் துணை நிறுவனம். கிரெடி லியோனே அன்று அரசாங்க வங்கி. கடன் வாங்கியவர் ஆளுங்கட்சியின் நட்சத்திர எம்.பி. இதைப் படிக்கும்போதே வங்கியில் வேலை பார்த்த அன்பர்களுக்கு வயிற்றில் ஏதோ செய்யும். இரண்டாண்டு கழித்து அந்தக் கடனாளி மந்திரியே ஆகிவிட்டார். மந்திரியிடம் தவணை கேட்டு நோட்டீஸ் அனுப்பும் கிளை மேலாளர் எந்த நாட்டில் இருக்கிறார்?

ஆனால் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். மந்திரி கையில் ஒரு கம்பெனி இருப்பது நன்றாயில்லை, விற்றுவிடுங்கள் என்றார்கள். விற்கும் பொறுப்பை 1992 டிசம்பரில் அதே வங்கியின் துணை நிறுவனத்திடமே தாப்பி கொடுத்தார். 1993 பிப்ரவரியில் 208.5 கோடி பிராங்குக்கு ஒரு முதலீட்டாளர் குழுவுக்குக் கைமாறியது. அந்தக் குழுவில் அந்த வங்கியும் இருந்தது. வெளிநாட்டு நிதிக் கம்பெனிகளும் இருந்தன, அவற்றுக்குப் பணம் கொடுத்ததும் அதே வங்கி. தலைமையில் ரொபேர் லூயி-த்ரெஃபூஸ். மொத்தத்தையும் பிறகு முன்பே பேசிய விலைக்கு எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1994 கடைசியில் அவர் எடுத்துக்கொண்டபோது கம்பெனியின் மதிப்பு ஏறத்தாழ 450 கோடி. 1995இல் பங்குச் சந்தைக்குப் போனது, அங்கே இன்னும் ஏறியது. 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்று தாப்பி கூப்பாடு போட்டார். பிள்ளையையும் கிள்ளி தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, விற்பவருக்குத் தரகன், வாங்குபவருக்குக் கடன்காரன், நடுவில் தானும் ஒரு பங்காளி என்று ஒரு வங்கி உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஏமாற்றியதா இல்லையா என்பது நீதிமன்றப் பிரச்சினை. நான் கேட்பது வேறு. அவர் மந்திரியாகாமல் வெறும் வியாபாரியாகவே இருந்திருந்தால் அவசரமாக விற்கவும் வேண்டியதில்லை, அந்த வங்கி அப்படி ஒரு வேலை செய்யத் துணிந்திருக்கவும் மாட்டாது. எம்.பி.ஏ. தம்பி கவனிக்க வேண்டியது இதைத்தான். தொழிலதிபர் மந்திரியானபோது நாடும் கம்பெனி மாதிரி நடக்கவில்லை. கம்பெனிதான் நாடு மாதிரி நடந்தது: யார் பணம், யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாமல்.

அந்த வங்கி 1990களில் இப்படிப்பட்ட பல கடன்களால் சரிந்தது. அரசாங்கம் தனியாக ஒரு நிறுவனம் அமைத்து வாராக்கடன்களை எல்லாம் அதில் கொட்டியது. மொத்தத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பிராங்கு பிரெஞ்சு மக்கள் தலையில் விழுந்தது.

கால்பந்து ஊழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தொடரில் அதைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1993 மே 26இல் மார்செய் அணி மியூனிக் நகரில் மிலான் அணியை ஒரு கோலில் வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அதற்கு ஆறு நாள் முன்பு, உள்ளூர்ப் போட்டியில் தங்கள் ஆட்டக்காரர்கள் காயப்படாமல் இருக்க, எதிரணியான வாலென்சியென் ஆட்டக்காரர்களுக்குப் பணம் பேசியிருந்தார்கள். ஒரு ஆட்டக்காரரின் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்த கவரிலிருந்து இரண்டரை லட்சம் பிராங்கைப் போலீஸ் தோண்டி எடுத்தது. நீதிமன்றத்தில் தாப்பி, தான் பொய் சொன்னது உண்மை, ஆனால் நல்லெண்ணத்தோடு சொன்னதாகச் சொன்னார்! தண்டனை உறுதியாகி 1997இல் சில மாதங்கள் சிறையில் இருந்தார். விஷயத்தை வெளியே சொன்னவர் ழாக் கிளாஸ்மன் என்ற வாலென்சியென் ஆட்டக்காரர். பணம் வேண்டாம் என்று சொன்ன அவரைத்தான் பிரான்சின் மைதானங்கள் எல்லாம் கூச்சலிட்டு ஏசின. 1995இல் உலகக் கால்பந்துச் சங்கம் நேர்மைக்கான விருதை அவருக்குக் கொடுத்தது. அவரைப் பற்றிப் படித்தபோது என் மருமகள் 'பாவம்' சொல்ல வேண்டிய ஆள் இவர் அல்லவா என்று தோன்றியது.

இத்தனைக்கும் நடுவில், 1994 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் தாப்பியின் பட்டியலுக்கு 12 சதவீத வாக்கு விழுந்தது. வழக்குகள் நடக்கின்றன, வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகின்றன, ஆனாலும் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாக்களிக்கிறார்கள். அந்த ஆண்டுக் கடைசியிலேயே நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது.

பிறகு சினிமாவில் நடித்தார், நாடக மேடை ஏறினார், தொலைக்காட்சியில் போலீஸ் அதிகாரியாக வந்தார். பாட்டுக்கு எடுபடாத முகம் நடிப்புக்கு எடுபட்டது. அடிடாஸ் வழக்கை மட்டும் விடவில்லை. 2007 தேர்தலில் எதிர்முகாமின் சர்கோசியை ஆதரித்தார். சர்கோசி ஜனாதிபதியானதும், வழக்கை நீதிமன்றத்திலிருந்து எடுத்து மூன்று நடுவர்கள் கொண்ட தனி விசாரணைக்கு விட நிதியமைச்சர் கிறிஸ்தீன் லகார்த் சம்மதித்தார். 2008 ஜூலையில் தீர்ப்பு: தாப்பிக்கு வட்டியோடு 40 கோடி யூரோவுக்கு மேல். அதில் மனவேதனைக்கு மட்டும் நாலரைக் கோடி யூரோ! எல்லாம் அரசுப் பணம். பின்னர் நடுவர்களில் ஒருவருக்கும் தாப்பி தரப்பு வக்கீலுக்கும் பழைய தொடர்பு இருந்தது தெரியவந்தது. 2015இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வங்கி அவரை ஏமாற்றவில்லை, பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. 2016இல் லகார்த் கவனக்குறைவுக் குற்றம் செய்தவர் என்று தனி நீதிமன்றம் சொன்னது, தண்டனை மட்டும் இல்லை. அப்போது சர்வதேச நாணய நிதியத்தின் தலைவராக இருந்த அவர் அந்தப் பதவியிலேயே தொடர்ந்தார். தாப்பி மீதான மோசடி வழக்கில் 2019இல் விடுதலை கிடைத்தது. அரசு மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு வர மூன்று நாள் இருக்கையில், வயிற்றுப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. இறந்தவர் மீது வழக்கு இல்லை. பணம் முழுவதும் திரும்பவும் இல்லை.

உடலை மார்செய் கால்பந்து மைதானத்தில் வைத்தார்கள். ஜனங்கள் அணியின் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மறுநாள் தேவாலயத்தில் பூசை, அந்த ஊர் மண்ணிலேயே அடக்கம். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மனைவி கேட்டாள், "இத்தனை பேருக்கும் இவர் பண்ணினது தெரியாதா?" தெரியும். தெரிந்துதான் வந்திருந்தார்கள்.

இதை எல்லாம் எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். "அங்கிள், நீங்க அந்த பேங்க்ல இருந்திருந்தா அவருக்குக் கடன் குடுத்திருப்பீங்களா?"

லுக் கம்பெனிக்குக் கொடுத்திருப்பேன் என்றேன். அடிடாஸுக்கு? நான் உடனே பதில் சொல்லவில்லை.

1980களின் பிற்பகுதியில் ஒரு நூற்பாலைக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. முதலாளி தேர்தலில் நின்று தோற்று, அடுத்த முறை சீட்டு நிச்சயம் என்று பேசப்பட்டவர். ஆலை நலிந்த கணக்கில் இருந்தது. மேலும் கடன் கேட்டார்கள். கூடுதல் ஜாமீன் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று இரண்டு பக்கம் குறிப்பு எழுதி வைத்தேன். மத்தியானம் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. யாரும் மிரட்டவில்லை. "இவ்வளவு விலாவாரியாக எழுத வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு அப்போது பதவி உயர்வு நேர்முகத் தேர்வு இருந்தது. பெரியவளைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருந்தது. குறிப்பை எடுத்துவிட்டு, அரைப் பக்கத்தில் வேறொன்று தட்டச்சு செய்யச் சொன்னேன். மூன்று வருஷத்தில் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. அவர்களில் ஒருவர் இப்போதும் பொங்கல் விழாவுக்கு வருகிறார், பார்த்தால் கை கூப்புகிறார்.

"கொடுத்திருப்பேன் தம்பி" என்று பையனிடம் சொன்னேன்.